மலையேறிப் போகும் அன்பர்களுக்கு

வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆலங்காயம் வழியாக மலைப்பாதையில் ஏறினால் வருகிற ஊர் காவலூர். திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலை, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 725 மீட்டர் உயரம். தெற்கே இருக்கிற அய்யாவழி அன்பர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஊர். வானத்தைப் பார்க்கிற பெரிய தொலைநோக்கி அங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அந்தக் கூடத்தைச் சுற்றியும் மலை முழுவதும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைத்தும் புளி உலுக்கியும் வாழ்கிறார்கள் என்பது பாடப்புத்தகத்தில் அதிகம் வராத செய்தி.

இந்த ஊரின் பெயர் அய்யாவழிப் பிரசுரத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. இப்போது தாங்கல்களில் இளைஞர்கள் கூடி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது வண்டி பிடித்து, இல்லாதவர்கள் இருக்கும் ஊர்களைத் தேடிப் போய்த் தர்மம் செய்துவரும் நல்ல வழக்கம் வளர்ந்து வருகிறது. போர்வை, நோட்டுப் புத்தகம், அரிசி மூட்டை, அன்னதானம். போவது நல்லது, கொடுப்பதும் நல்லது. ஆனால் போகிறவருக்கு வழியில் என்ன நேர்கிறது, திரும்பி வரும்போது அவர் போன மாதிரியேதான் வருகிறாரா என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. எத்தனை போர்வை போயிற்று என்ற கணக்கு மட்டும் தாங்கல் நோட்டில் சரியாக இருக்கும்.

அய்யாவின் வழியில் பயணம் என்பது எப்படித் தொடங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும்.

1809-ல் பூவண்டன்தோப்பில் பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். தாழ்த்தி வைக்கப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்ததால் அது முத்துக்குட்டி என்று மாறியது. பெயர் வைக்கக்கூட உரிமை இல்லாத காலம். தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மாரை மறைக்கக்கூடாது, கோவில் தெருவில் நடக்கக்கூடாது, இன்ன சாதியார் இன்ன தூரம் விலகி நிற்க வேண்டும் என்று திருவிதாங்கூரில் சட்டமாகவும் வழக்கமாகவும் இருந்தது. வழியில் நடப்பதே குற்றமாக இருந்த சனங்களுக்கு யாத்திரை என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட நாளில் நோயால் மெலிந்து கிடந்த மகனைத் தாயும் உறவினரும் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குப் போனார்கள். கொல்லம் 1008, ஆங்கில வருஷம் 1833. கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள் வைகுண்டராக வெளியே வந்தார் என்பது அகிலத்திரட்டு சொல்லும் அவதார வரலாறு. அன்பர்கள் எல்லோரும் அறிந்தது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு செய்தி: போகும்போது அவர் பிறர் தோளில் போனார். வரும்போது தன் காலால் நடந்து தெச்சணம் வந்து சேர்ந்தார். தூக்கிக்கொண்டு போன தாய்க்குக் கிடைத்த பலன் அது. அவள் கேட்டது மகனின் உடல்நலம் மட்டும்தான்.

இரண்டாவது பயணம் அய்யா விரும்பிப் போனது இல்லை. ஆறு வருஷம் தவம் இருந்த பிறகு, எல்லாச் சாதியாரும் ஒன்றாய்க் கூடுவதைப் பொறுக்காதவர்கள் சொல்லிய கோளைக் கேட்டு அரசாங்கம் அவரைப் பிடித்தது. மன்னர் சுசீந்திரத்தில் தங்கியிருந்தபோது அங்கே கொண்டு நிறுத்தினார்கள். பிறகு திருவனந்தபுரம் வரை கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை வைத்தார்கள். ஒரு சாதியாரோடு மட்டும் இருந்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போகலாம் என்ற நிபந்தனைக்கு அவர் இணங்கவில்லை என்று சொல்லப்படுகிறது. 1014 மாசி 19-ம் நாள் விடுதலை. இன்றைக்கும் அந்த நாளில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ஊர்வலமும் திருச்செந்தூரிலிருந்து ஒரு ஊர்வலமும் புறப்பட்டு நாகர்கோவிலில் சேர்ந்து, மறுநாள் மாசி 20-ல் சாமித்தோப்புக்குப் போவது இந்த இரண்டு பயணத்தையும் நினைத்துத்தான். காவிக் கொடியும் தலைப்பாகையுமாக ஆயிரக்கணக்கானவர் நெடுஞ்சாலையில் நடந்து போகிற காட்சியைப் பார்க்கிற இளம்பிள்ளைகளுக்கு, அந்தச் சாலையில் தலையில் துணியோடு நடப்பது ஒரு காலத்தில் அடிபடும் குற்றம் என்பது தெரியாது. பெரியவர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஊர்வலத்தில் ஒலிபெருக்கி வண்டி எது முன்னே போவது என்று சண்டை போடுகிற நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம்.

அய்யாவை நிறுத்தி விசாரித்த அதே சுசீந்திரத்தில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பின்னாளில் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. 1924-ல் வைக்கத்தில் தெருவுக்காக நடந்த போராட்டத்தில் தந்தை பெரியார் சிறை சென்றார். 1936 நவம்பர் 12-ல்தான் திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அய்யா நடந்து நூறு வருஷம் ஆன பிறகு.

மூன்றாவது பயணம்தான் இங்கே சொல்ல வந்த விஷயத்துக்கு அடிப்படை. அது அய்யா ஒருவர் போன பயணம் இல்லை. சனங்கள் போனது.

சிறையிலிருந்து வந்த பிறகு அய்யா தம் மக்களில் 700 குடும்பத்தாரைக் கடற்கரைக்கு அனுப்பினார். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் வாகைப்பதி. அங்கே மாதக்கணக்காகத் தங்கித் துவையல் தவசு இருந்தார்கள். விடியுமுன்னே எழுந்து கடலில் குளிக்க வேண்டும். உடுத்த துணியைத் தன் கையால் துவைக்க வேண்டும். இதை ஒரு நாளில் மூன்று வேளை செய்ய வேண்டும். பச்சரிசியும் சிறுபயறும் கடல்நீர் கலந்து பொங்கி ஒரு வேளை உணவு. மீனும் மாமிசமும் கிடையாது. மற்ற நேரம் அய்யா சொன்ன போதனைகளைக் கேட்பதும் சொல்வதும். அதற்குப் பிறகு முட்டப்பதிக்குப் போய் அங்கேயும் தவசைத் தொடர்ந்தார்கள். நோயும் துன்பமும் வந்தன, அதை யாரும் மறைக்கவில்லை.

இதைத் தவம், விரதம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோவது வழக்கம். கொஞ்சம் நின்று பார்த்தால் வேறு ஒன்றும் தெரியும். பனையேறிகள், கூலிக்காரர்கள், வரி கட்டியே வாழ்நாள் முடிந்தவர்கள். இவர்களுக்கு வீடு என்று ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்குள் அவரவருக்கு ஒரு பழக்கம், ஒரு கோபம், ஒரு பெருமை, அண்டை வீட்டோடு ஒரு வழக்கு இருந்திருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கடற்கரை மணலில் வந்து எழுநூறு அடுப்பு ஒரே மாதிரி எரிந்தால், எல்லாச் சட்டியிலும் ஒரே பயற்றங்கஞ்சி கொதித்தால், யார் வீட்டுக் குழம்பு ருசி என்ற பேச்சு அங்கே எங்கிருந்து வரும்? துணி துவைப்பது யாருக்கோ விதித்த வேலை என்று இருந்த காலத்தில் ஆணும் பெண்ணும் தன் அழுக்கைத் தானே பார்த்துத் தானே கசக்கினார்கள். மூன்று வேளையும் செய்த வேலை ஆறு மாதத்தில் கையில் ஊறிப் போகாமல் இருக்குமா?

மன்னர் மாறவில்லை, சட்டம் மாறவில்லை, மேல்சாதியார் மாறவில்லை. அய்யா அவர்கள் மாறட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. முதலில் இவர்களை அழைத்துக்கொண்டு போய்த் துவைத்தெடுத்தார். திரும்பி வந்தவர்களைத் துவையல்காரர் என்று ஊர் அழைத்தது. அதன் பிறகுதான் தாங்கல்கள் எழுந்தன. அய்யா காலத்திலேயே செட்டிகுடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் என்று ஏழு இடத்தில் நிழல் தாங்கல் அமைந்ததாகச் சொல்வார்கள். சனங்கள் கூடி உண்ணவும் பிள்ளைகள் எழுத்து படிக்கவும் அங்கே இடம் இருந்தது. கடற்கரையில் ஒரே கஞ்சி குடித்துப் பழகியவர்கள் இல்லாமல் சமபந்தி போட்டிருக்க முடியுமா, முத்திரிக்கிணற்றில் பதினெட்டுச் சாதியும் ஒன்றாய்த் தண்ணீர் கோரியிருக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்தால், வாகைப்பதி எதற்காக என்பது விளங்கும்.

இந்த வகையான பயணம் இங்கே மட்டும் நடந்தது இல்லை. 1930 மார்ச் 12-ம் தேதி காந்தியார் சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களோடு உப்பு எடுக்கப் புறப்பட்டார். தண்டிக்கு 385 கிலோமீட்டர். அந்தத் தொண்டர்களுக்கு எளிய உணவு, தினமும் ராட்டை, தினமும் நாட்குறிப்பு என்று கட்டுப்பாடு இருந்தது. பாதி வழியைத் தாண்டிய பிறகு மார்ச் 29-ல் பட்காம் என்ற கிராமத்தில் அவர் பேசிய பேச்சு வெள்ளைக்காரனைத் திட்டிய பேச்சு இல்லை. தன் கூட்டத்தையும் தன்னையும் சேர்த்துக் குற்றம் சாட்டிய பேச்சு. காரணம் இரண்டு. தொண்டர்களுக்காகச் சூரத்திலிருந்து லாரியில் பால் வந்தது. இரவில் நடக்கும்போது கனமான கிட்சன் விளக்கைக் கூலிக்காரர்கள் தலையில் ஏற்றிக்கொண்டு, கூட்டத்தின் வேகத்துக்கு ஓட வைக்கப்பட்டார்கள். ஏழைகளுக்காக உப்பு எடுக்கப் போகிறவர்கள் ஏழையின் தலையில் விளக்கை ஏற்றிவிட்டுத் தாங்கள் வெளிச்சத்தில் நடந்தார்கள். அதைக் கண்டு அவர் வெட்கப்பட்டார், வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். அவர் அதைக் கண்டது ஆசிரமத்தில் உட்கார்ந்திருந்தபோது இல்லை, பதினேழு நாள் நடந்த பிறகு.

இந்த விளக்கின் கதையோடு காவலூருக்குத் திரும்பலாம்.

காவலூரில் வானாய்வகம் வந்ததற்குக் காரணமானவர் வைணு பாப்பு. 1927-ல் பிறந்தவர். ஹைதராபாத்தில் வானாய்வகத்தில் வேலை பார்த்த தகப்பனாரிடம் சிறுவயதிலேயே வானம் பார்க்கப் பழகியவர். அமெரிக்காவில் ஹார்வர்டில் படிக்கும்போது 1949-ல் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கினார். அங்கேயே இருந்திருக்கலாம், திரும்பி வந்தார். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநர் ஆனார். இரவு வானத்தைப் பார்க்க நல்ல இடம் வேண்டும் என்று தேடித் தேடிக் கடைசியில் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்துத் தொடங்கினார்கள். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 234 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியை வெளிநாட்டில் வாங்காமல் இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்பது அவர் கொண்ட பிடிவாதம். 1986 ஜனவரி 6-ம் தேதி அதைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982-லேயே காலமாகிவிட்டார். அவர் பெயரைத்தான் அந்தக் கூடத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்? மேகம் இல்லாத இரவுகள், காடு, ஊர் வெளிச்சம் எட்டாத தூரம். மங்கிய நட்சத்திரம் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் வெளிச்சம் இருக்கக்கூடாது. எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும், வாசலில் ஒரு பெரிய விளக்கைப் போட்டுவிட்டால் தூரத்து ஒளி அதில் அடங்கிப் போகும். தெரியாமல் போகிற நட்சத்திரம் இல்லாமல் போய்விடவில்லை, பார்க்கிறவன் வெளிச்சம் அதை மூடிவிட்டது, அவ்வளவுதான்.

பதியின் பள்ளியறையிலும் ஒரு கண்ணாடி இருக்கிறது. அன்பர்கள் தினமும் அதன் முன்னே நிற்கிறார்கள். காவலூர்க் கண்ணாடி கோடி மைல் தூரத்தை இழுத்துக் காட்டுகிறது. பள்ளியறைக் கண்ணாடி முன்னால் நிற்கிறவனையே காட்டுகிறது. தன்னைப் பார்க்கப் பழகாதவன் தூரத்தில் இருக்கிறவனைச் சரியாகப் பார்ப்பான் என்று நம்ப இடமில்லை.

இனி அந்த மலையில் இருக்கிறவர்களைப் பற்றி. மலையாளி என்ற பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ் பேசுகிற மலைச் சனங்கள். முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அதாவது அவர்களும் ஒரு காலத்தில் யாத்திரைக்காரர்கள். சாமை அவர்களின் தானியம். கல் திருத்தி, மலைச்சரிவில் விதைத்து, மழையை நம்பி அறுக்கிறார்கள். புளி, தேன், கடுக்காய், பலா என்று காடு கொடுப்பதைச் சேர்க்கிறார்கள். ஊருக்கு நாட்டார், கவுண்டர் என்று மூப்பர்கள் உண்டு. வழக்கைக் கூடிப் பேசித் தீர்ப்பார்கள். இப்படி ஒழுங்கோடு வாழ்கிற சனங்களைப் போர்வைக்குக் கைநீட்டுகிறவர்களாக மட்டும் பார்ப்பது பெரிய தவறு.

அதே சமயம் அங்கே வறுமை இல்லை என்று சொல்வதும் பொய். விளைச்சல் போதாத நாளில் ஆண்கள் மலையை விட்டு இறங்கித் தூரத்துக்குக் கூலிக்குப் போகிறார்கள். அதுவும் பயணம்தான். ஆனால் அதில் போகிறவனுக்கு வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. 2015 ஏப்ரல் 7-ம் தேதி திருப்பதிக்குப் பக்கத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி இருபது தமிழ்க் கூலிகள் ஆந்திரப் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். கூட்டிப்போன புரோக்கர் யார், லாரி யாருடையது, மரம் யாருக்குப் போகிறது என்று கேட்டால் பதில் மலைக்குக் கீழே இருக்கிறவர்களிடம்தான் இருக்கும். வெட்டியவன் பிணமாக ஊர் திரும்பினான்.

அந்த மலையிலிருந்தே இன்னொரு பயணமும் நடந்தது. ஒரு பழங்குடிப் பெண், சட்டம் படித்தவர். சிவில் நீதிபதித் தேர்வு நாள் வந்தபோது பிள்ளை பெற்று ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. படுக்கையை விட்டு எழுந்து, 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில் அவர் தேறிய செய்தி பத்திரிகைகளில் வந்தது. பச்சை உடம்போடு மலையிறங்கிப் போனவர் அவர். போர்வை கொடுக்கப் போகிற வண்டி அந்த மலையில் ஏறும்போது, எதிரே இறங்கிப் போனது இப்படி ஒருவர் என்று தெரிந்துகொண்டு ஏற வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, நெல்லைச் சீமைத் தாங்கல் ஒன்றிலிருந்து ஒரு அன்பர் இளைஞர் கூட்டத்தோடு காவலூருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் முகப்பில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறது. அதில் அய்யாவின் பெயர் சிறியதாகவும் உபயதாரர் படம் பெரியதாகவும் இருக்கிறது. இது கற்பனைதான், ஆனால் அப்படி ஃபிளெக்ஸ் பார்த்திராத அன்பர் யாரும் இருக்க மாட்டார். ஊர் நடுவில் வண்டியை நிறுத்தி, சனங்களை வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொரு போர்வையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, வாங்குகிற கிழவி செல்போனைப் பார்க்கும்வரை விடாமல் நிற்கிறார்கள். கிழவிக்கு வெட்கம். போர்வையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள்.

சாய்ந்தரம் கூட்டம் கூடி இந்த அன்பர் பேசுகிறார். குளிக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், குடிக்கக் கூடாது, பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். எல்லாம் சரியான வார்த்தை. ஆனால் அன்றைக்குத் தண்ணீர் எடுக்க அந்தப் பெண்கள் எவ்வளவு தூரம் போய்வந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவருடைய வெளிச்சம் அவ்வளவு பிரகாசம்.

ராத்திரி வண்டி கிளம்பவில்லை. மலைப்பாதையில் இருட்டில் இறங்க டிரைவருக்குத் துணிவு இல்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் கொடுக்கிறார்கள். "வாங்கண்ணா, இப்பிடிக் குந்துங்க" என்று வீட்டுக்காரி பாய் போடுகிறாள். சாமைச் சோறும் கீரைக் குழம்பும் வருகிறது. பகலில் போர்வைக்கு நின்றாளே, அதே கிழவிதான் அந்த வீட்டுப் பாட்டி. "உங்க ஊர்ல என்ன வெவசாயம்?" என்று கேட்கிறாள். அன்பர் வாழையைப் பற்றியும் பனையைப் பற்றியும் சொல்கிறார். பனையேறி விழுந்து இறந்த தன் தாத்தாவைப் பற்றியும் சொல்கிறார். ஊரில் யாரிடமும் அதைச் சொன்னது கிடையாது, பனையேறி வீட்டுப் பேரன் என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம். "எங்கூட்டுக்காரரும் புளியமரத்துல இருந்து வுழுந்துதான் போனாரு" என்கிறாள் கிழவி. அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. திண்ணைக்கு வெளியே வானம் முழுக்க நட்சத்திரம்.

தர்மம் செய்யப் போனவர் சாப்பிட்டது யார் வீட்டுச் சோறு? அவர் கொண்டுபோன அரிசி மூட்டை வண்டியிலேயே இருந்தது. துவையல்காரர்கள் கடற்கரையில் ஆறு மாதம் கற்ற பாடத்தில் ஒரு வரியாவது அந்தத் திண்ணையில் அவருக்கு விளங்கியிருந்தால் அதற்கு அந்தக் கிழவிதான் காரணம். இனி அடுத்த தடவை அவர் போனால் முதலில் அவளைத் தேடிப் போவார். என்ன வேண்டும் என்று கேட்பார். அவள் போர்வை வேண்டாம் என்று சொல்லக்கூடும். சாமைக்கு நல்ல விலை, பிள்ளைக்கு நேரத்துக்குப் பஸ், செம்மரப் புரோக்கர் ஊருக்குள் வராமல் இருக்க ஒரு வழி, இப்படி ஏதாவது கேட்கக்கூடும். ஃபிளெக்ஸில் அடிக்க முடியாத உதவிகள் இவை. ஒரு நாளில் முடியாது. பத்துத் தடவை போக வேண்டியிருக்கும், அலுவலகத்தில் மனுவோடு நிற்க வேண்டியிருக்கும், போகிறவர் கோபத்தை அடக்கப் பழக வேண்டியிருக்கும்.

மலைக்குப் போகத் திட்டமிடும் தாங்கல் அன்பர்களுக்குச் சில வேண்டுகோள். வண்டி நிறைய ஆள் போவதை விட நாலு பேர் போய் இரண்டு இரவு தங்குவது நல்லது. ஊர் மூப்பரிடம் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையும் திரும்ப வண்டியில் ஏற வேண்டும், ஒரு டம்ளர்கூட மலையில் கிடக்கக் கூடாது. வாங்குகிறவரைப் படம் எடுக்க வேண்டாம். அங்கே சமைத்தால் அவர்களோடு உட்கார்ந்து ஒரே பந்தியில் உண்ண வேண்டும். பேசுவதற்கு முன் ஒரு நாளாவது கேட்க வேண்டும். சனிக்கிழமை இரவில் வானாய்வகத்தில் பொதுமக்களுக்குத் தொலைநோக்கி காட்டும் வழக்கம் உண்டு. மேகம் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வரலாம், விசாரித்துப் போக வேண்டும்.

இன்னும் ஒன்று உண்டு. சொல்லச் சங்கடமான விஷயம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. மலைக்குப் போய் ஒரே பந்தியில் உண்டு வந்த அன்பர் வீட்டிலேயே, வாழைத்தோப்பில் களை பறிக்க வரும் பெண்ணுக்குக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கிற தனிக் குவளை இருந்தால் என்ன செய்வது? இருக்கிறது. எல்லார் வீட்டிலும் இல்லை, சில வீட்டில் இருக்கிறது. உகப்படிப்பு முடிந்து நாமம் காயும் முன்னே அந்தக் குவளையில் காப்பி ஊற்றிக் கொடுக்கிற கை இருக்கிறது. முத்திரிக்கிணற்றில் சேர்ந்து தண்ணீர் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் கை அது. காவலூருக்குப் போய்வருகிற செலவில் பஸ் டிக்கெட், டீசல் எல்லாம் எழுதுகிறோம், இந்தக் குவளையின் கணக்கை எந்த நோட்டில் எழுதுவது?

காவலூர்த் திண்ணையில் படுத்து எழுந்த அந்த அன்பர், ரயிலில் வந்து, பஸ் மாறி, விடியற்காலம் வீடு வந்து சேர்கிறார். மனைவி அடுக்களையில் இருக்கிறாள். தோப்பு வேலைக்கு ஆள் வந்து கொல்லைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கொல்லைச் சுவரோரம் கவிழ்ந்திருந்த அந்தக் குவளையை எடுத்துக் கழுவி, அடுக்களை அலமாரியில் மற்றக் குவளைகளோடு வைத்துவிட்டு, "இவளே, எல்லாருக்குமா காப்பி போடு" என்கிறார்.

அய்யா உண்டு.